மாலைக்கு அடியில் ஒரு நசுங்கல்

1. சாய்ந்தது

வேகமாகப் போய் விழுகிற வண்டி சத்தம் போட்டு விழும். நடக்கிற வேகத்தில் சாய்கிற கனத்த வண்டி அப்படியில்லை. நமக்குத் தூக்கம் வருவதுபோல அது சாயும். முதலில் சின்னதாக ஓர் அசைவு தெரியும். சமாளித்துவிடலாம் என்று தோன்றும். அப்படித் தோன்றிக்கொண்டிருக்கும்போதே வண்டி தரையில் கிடக்கும்.

சங்கரன்கோவிலில் ஒரு டூவீலர் ஷோரூமில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். முதலில் கஸ்டமர்களுக்கு ஃபாரம் நிரப்பி எழுதுகிற கவுண்டர், பிறகு டெலிவரி. அந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற பெண்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "அக்கா, நீங்க ஒரு தடவை பெரிய வண்டியைக் கீழ போட்டியளாமே?" என்று கேட்கிறார்கள். ஆளாளுக்கு ஒரு மாதிரி கேள்விப்பட்டிருக்கிறார்கள். நடந்தது இதுதான்.

எங்கள் ஷோரூமில் டெலிவரி என்பது சாவியைக் கையில் கொடுப்பது மட்டும் இல்லை. வண்டியை வாட்டர் வாஷ் மேடையிலிருந்து இறக்கி, வாசலில் கிழக்குப் பார்க்க நிறுத்துவோம். சந்தனம், குங்குமம் வைத்து ஹேண்டிலில் மாலை போடுவோம். சூடம் காட்டி, டயருக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைப்போம். வண்டி அதை நசுக்கிக்கொண்டு புறப்பட வேண்டும். இங்கிருந்து நேரே கோவிலுக்குப் போவார்கள். ஹெட்லைட்டில் கோவில் புற்றுமண் ஒரு விரல் பூசினால்தான் வண்டி தங்களுடையது என்று எங்கள் ஊர்க்காரர்களுக்கு நம்பிக்கை வரும்.

மேடையிலிருந்து வண்டியை இறக்கி வருவது இசக்கியின் வேலை. அந்த ஆவணி வெள்ளிக்கிழமை அவன் லீவு. சின்ன வண்டிகளை நானே தள்ளிவிடுவேன். அன்றைக்கு இருந்ததோ ஏறக்குறைய இருநூறு கிலோ வண்டி. மேனேஜர் கண்ணாடிக் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார்.

"கோமதி, பத்தரைக்கு ராகு காலம் வந்துரும். அதுக்குள்ள வண்டி வெளிய போயிரணும், பாத்துக்கிடு."

"சரி சார்."

"எங்க பாக்க? நான் சொல்லுதது காதுல விழுதா?"

அவர் அப்படிக் கேட்டதில் தப்பில்லை. எனக்குப் பகல் கனவு காணுகிற வியாதி உண்டு. வேலை அதுபாட்டுக்கு நடக்கும், நான் வேறெங்கோ இருப்பேன். அன்று மேற்கே மலைப் பக்கமிருந்து ஈரக்காற்று வந்துகொண்டிருந்தது. வாசல் மாவிலைத் தோரணம் ஒரே பக்கமாகப் பறந்தது. ஒரு மேகத்தின் நிழல் ரோட்டைத் தாண்டி, டீக்கடையைத் தாண்டி, எங்கள் முற்றத்துக்குள் மெதுவாக வந்தது. நான் வண்டியின் இடப்பக்கம் நின்று இரண்டு கையாலும் ஹேண்டிலைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே அந்த நிழலைத்தான் பார்த்திருக்கிறேன்.

முற்றத்தில் தண்ணீர் வடியச் சரிவு விட்டிருக்கும். வலது பக்கம் திருப்பும்போது வண்டி தானாக உருள ஆரம்பித்தது. பயந்துபோய் முன் பிரேக்கைப் பிடித்துவிட்டேன். ஹேண்டில் திரும்பி இருக்கும்போது முன் பிரேக்கைத் தொடாதே என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த பாடம். எத்தனையோ கஸ்டமர்களுக்கு நானே அதைச் சொல்லியிருக்கிறேன்.

வண்டி எனக்கு அந்தப் பக்கமாக, வலப்பக்கம் சாய்ந்தது. இழுத்துப் பிடித்தேன். என் தோள்தான் பிசகியது. மேக நிழல், தோரணம், டீக்கடைக்காரர் ஆற்றுகிற டீ எல்லாம் அந்த நேரத்தில் துல்லியமாகத் தெரிந்தன. வண்டி மட்டும் போய்க்கொண்டே இருந்தது. மேடை ஓரத்து இரும்புக் குழாயில் டேங்க் மோதி ஒரே ஒரு சத்தம் கேட்டது.

தூக்குகிற விதம் இசக்கி செய்து பார்த்திருக்கிறேன். முதலில் சைடு ஸ்டாண்டை வெளியே நீட்டிவிட்டு, வண்டியைக் கியரில் போட வேண்டும். பிறகு வண்டிக்கு முதுகைக் காட்டி, இடுப்பை சீட்டில் அண்டக்கொடுத்து உட்கார வேண்டும். ஒரு கை ஹேண்டிலில், ஒரு கை சீட்டுக்கு அடியில். அப்புறம் கால்களால் தரையை உந்தி ஒவ்வொரு அடியாகப் பின்னுக்கு நடக்க வேண்டும். நடந்தேன். வண்டி எழுந்து நின்றது. என்னாலேயே நம்ப முடியவில்லை.

கிராஷ் கார்டு தரையில் பட்டதால் மற்றதெல்லாம் தப்பித்தது. டேங்க்கின் வலப்பக்கம் மட்டும் ஓர் எலுமிச்சம்பழ அளவுக்கு நசுங்கியிருந்தது. பெயின்ட் போகவில்லை. சுற்றிப் பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை. வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

எதையும் யோசித்து முடிவு செய்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. கேந்திப்பூ மாலையை எடுத்து ஹேண்டிலில் போட்டு, வலப்பக்கம் நீளமாகத் தொங்கவிட்டு, டேங்க்கோடு சேர்த்து நூலால் ஒரு கட்டுக் கட்டினேன். பழைய டெலிவரி ஆள் ஒருவர் ஒரு கீறலை மறைத்ததற்காகத்தான் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அந்த இடத்துக்குத்தான் நான் வந்திருந்தேன். அது மட்டும் ஞாபகம் இருந்தது.

2. எலுமிச்சம்பழப் பை

ஆட்டோவிலிருந்து இறங்கியவர் வாசுதேவநல்லூர் சண்முகவேல் அண்ணாச்சி. ஐம்பத்தேழு வயது, குள்ளமான உருவம், குளத்துப் பாசன வயலும் கொஞ்சம் எலுமிச்சைத் தோப்பும் வைத்திருக்கிற விவசாயி. முப்பது வருடமாக மொபெட்டில் உரமூட்டை ஏற்றிக்கொண்டு போனவர். இந்த வண்டியைப் பார்க்க மட்டும் ஏழெட்டுத் தடவை வந்திருப்பார். வந்தால் உட்கார மாட்டார். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வாரேன் தாயி" என்று போய்விடுவார்.

அன்று புது வேட்டி. கையில் ஒரு மஞ்சப்பை நிறைய எலுமிச்சம்பழம்.

"ரெண்டு போதுமே அண்ணாச்சி," என்றேன்.

"நம்ம தோப்புக் காய் தாயி. ரெண்டு டயருக்கு. மிச்சத்த நீங்க எல்லாரும் ஜூஸு போட்டுக் குடிங்க."

அவர் மனைவி பார்வதி மதினி சிரித்தார். "நேத்து ராத்திரியே பறிச்சு எண்ணெய் தடவித் தொடச்சு வச்சிருக்காவ. பொண்ணு பாக்கப் போறப்பகூட இவ்வளவு இல்ல."

அந்தப் பையை வாங்கிக்கொண்டேன். இப்போது சொல்லிவிடு என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். சூடம் எரிந்தது. அண்ணாச்சி கண்ணை மூடி நின்ற நேரத்தில் நான் மாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், காற்றில் விலகிவிடக் கூடாதே என்று. பத்து இருபதுக்குப் பழங்கள் நசுங்கின. மதினி பின்னால் ஏறி உட்கார, வண்டி கோவில் பக்கம் போனது. முற்றம் முழுக்க எலுமிச்சை வாசம். அன்று முழுக்க எனக்கு எதுவும் நிஜமாக இல்லை. யாரோ பேசினார்கள், யாரோ பதில் சொன்னார்கள், அந்த யாரோ நான்தான்.

3. லோடு ஆட்டோவில் வந்தது

திங்கட்கிழமை மத்தியானம் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. பின்னால் கயிறு போட்டுக் கட்டி அந்த வண்டி. வாடிப்போன மாலை அப்படியே இருந்தது. டிரைவர் பக்கத்திலிருந்து சண்முகவேல் அண்ணாச்சி தனியாக இறங்கினார்.

எல்லாம் தெரிந்துபோய்விட்டது என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மேனேஜர் முன்னால் போய்த் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"சார், இத யாருக்காது குடுத்திருங்க. எனக்கு இது சரிப்படாது."

"என்ன அண்ணாச்சி, என்ன ஆச்சு?"

"கீழ போட்டுட்டேன். அன்னைக்கே. அவள கோவில் வாசல்ல எறக்கி உள்ள அனுப்பிட்டு வண்டிய நிப்பாட்டத் திருப்புனேன். கால் எட்டல. நின்ன எடத்துலயே சாஞ்சிட்டு. பூக்காரப் பொம்பளைகதான் தூக்கி விட்டாவ. மாலைய வெலக்கிப் பாத்தா டேங்க் நசுங்கிக் கெடக்கு." குனிந்த தலையை நிமிர்த்தாமலே சொன்னார். "புத்துமண்ணுகூடப் பூசல சார். சாமிக்கு முன்னாலயே ஒடச்சிட்டேனே."

மேனேஜர் போய் மாலையைத் தூக்கிப் பார்த்தார்.

"எந்தப் பக்கம் விழுந்திய?" என்று நான் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"இடப்பக்கந்தான் தாயி."

நசுங்கல் வலப்பக்கம் இருந்தது. அவருக்கு அது தோன்றவே இல்லை. மேனேஜரும் நான் விளக்கம் சொல்லும்படி வைக்காமல், "சாயும்போது ஹேண்டில் முழுசாத் திரும்பி டேங்க்ல இடிச்சிருக்கும் அண்ணாச்சி. அது எல்லா வண்டிக்கும் வாரதுதான்," என்றார்.

அண்ணாச்சி தலையாட்டினார். மெக்கானிக்கும் ஆமாம் என்றார். விஷயம் அதோடு முடிந்துவிட்டது. யாருக்கும் என்மேல் ஒரு சந்தேகமும் இல்லை. நான் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை.

"வீட்டுல அவளுக்குத் தெரியாது," என்று அண்ணாச்சி மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "மாலைய எடுக்க வந்தா. காயட்டும், அதுவா விழட்டும்னு சொல்லிட்டேன். மூணு நாளாச்சு. அந்தப் பக்கமே போவ மனசில்ல. ஆசப்பட்டிருக்கவே கூடாது. எனக்கெல்லாம் மொபெட்டுதான்."

நான் கட்டிய நூல் அவிழாமல் அப்படியே இருந்தது. நான் மறைத்ததையே அவரும் மூன்று நாளாக மறைத்துக்கொண்டு, சோறு இறங்காமல் இருந்திருக்கிறார். என் பயத்தை அவர் தலையில் கட்டி அனுப்பியிருக்கிறேன். அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை.

"அண்ணாச்சி, அது நீங்க போட்ட நசுங்கல் இல்ல," என்றேன். "நான் போட்டது. நீங்க வாரதுக்கு முன்னாலயே. மேடையிலருந்து எறக்கும்போது எங்கிட்டருந்து சாஞ்சிட்டு. மாலையக் கட்டி மறச்சதும் நாந்தான்."

மேனேஜர் முகத்தைப் பார்க்கவே எனக்குத் தைரியம் இல்லை. அண்ணாச்சி வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்ப வண்டியைப் பார்த்தார்.

"மூணு நாளு தாயி," என்றார். "மூணு நாளா நான் என்னயவே ஏசிக்கிட்டிருந்தேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவரோ வண்டியை இறக்கி வைக்கச் சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்து போனார். நான் பாத்ரூமில் போய் அழுதேன். அவருக்காகப் பாதி, எனக்காகப் பாதி.

4. முதுகைக் காட்டித் தூக்குவது

மேனேஜர் என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. ஒரு மாதம் டெலிவரிப் பக்கம் வரக் கூடாது, பழையபடி ஃபாரம் எழுது என்றார். "நீயா சொன்னதுனாலதான் நிக்க, தெரிஞ்சுக்க," என்றார். வண்டிக்குப் புது டேங்க் வரவழைத்தார்.

புதன்கிழமை அண்ணாச்சி மறுபடி வந்தார். கூடவே மதினி. என் கவுண்டருக்கு நேரே வந்து நின்றார்.

"அன்னைக்கு ஒத்த ஆளாவா தூக்குன?"

"ஆமா அண்ணாச்சி."

"என்னயத் தூக்கி விட ஏழு பேரு வந்தாவ. நீ எப்பிடித் தூக்குன? அதச் சொல்லு."

அவர் வண்டி வேண்டாமென்று சொல்ல வரவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. மேனேஜரைப் பார்த்தேன். போ என்று கையைக் காட்டினார். பின்பக்க முற்றத்தில் சாக்கை விரித்து, நானும் இசக்கியும் வண்டியை மெல்லச் சாய்த்துப் படுக்க வைத்தோம். அண்ணாச்சி பதறினார். "மெதுவா, மெதுவா!"

"ஒரு அளவுக்கு மேல சாஞ்சிட்டுன்னா பிடிக்காதிய அண்ணாச்சி. விட்டுருங்க. பிடிச்சா நம்ம தோளுதான் போவும். சாவிய அணைச்சிட்டு, அப்புறமாத் தூக்கிக்கிடலாம்."

முதல் தடவை முடியவில்லை. இரண்டாவது தடவை பாதி வந்து இறங்கியது. மூன்றாவது தடவை இடுப்பை அண்டக்கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, அடியடியாகப் பின்னுக்கு நடந்தார். வேட்டி முழுக்கத் தூசி. வண்டி நிமிர்ந்தது. அவர் அதைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"திரும்பப் படுக்கப் போடு தாயி," என்றார்.

அடுத்த தடவை மதினி சேலையைச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார். "தள்ளுங்க. நெல்லுக்கட்டு தூக்குனவளுக்கு இது தெரியாதாக்கும்." ஒரே தடவையில் தூக்கி நிறுத்திவிட்டார். அண்ணாச்சி வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு நாளா எங்கிட்ட மறச்சியளே," என்றார் மதினி. "சொல்லிருந்தா நானே தூக்கி விட்டிருப்பேன்லா?"

புது டேங்க் போட்ட அன்று, கோவிலுக்குப் போய்ப் புற்றுமண் பூசிக்கொண்டு, ஷோரூம் வழியாகத் திரும்பிப் போனார்கள். அண்ணாச்சி ஹார்ன் அடித்தார். கையை எடுத்து ஆட்டவில்லை. இரண்டு கையும் ஹேண்டிலில் இருக்க வேண்டும் என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

5. சுற்றிக் காட்டுவது

ஒரு மாதம் கழித்து டெலிவரிக்குத் திரும்பியதும் ஒரு பழக்கத்தை ஆரம்பித்தேன். மாலை போடுவதற்கு முன்னால், வெறும் வண்டியைக் கஸ்டமரோடு சேர்ந்து ஒரு சுற்றுச் சுற்றி வருவது. ராகு காலமே வந்தாலும் அதை விட்டதில்லை. இன்றைக்கும் அங்கே, "சுத்திக் காட்டியாச்சா?" என்று கேட்ட பிறகுதான் மாலையை எடுக்கிறார்கள்.

இன்னமும் சில மத்தியானங்களில் கண் அசரும்போது அந்த வண்டி சாய்கிறது. மேக நிழல் வருகிறது, தோரணம் பறக்கிறது. முன்பெல்லாம் பிடிக்கப் பிடிக்கப் போய்க்கொண்டே இருக்கும். இப்போது கையை விட்டுவிடுகிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பதும் அதுதான். வண்டி எல்லோர் கையிலிருந்தும் ஒருநாள் சாயும். சாய்ந்தால் விடுங்கள். தூக்கிவிட்டு, யாருடைய வண்டியோ அவரிடம் போய்ச் சொல்லுங்கள். சொல்லாமல் அனுப்பினால் அந்தக் கனத்தை அவர் சுமந்துகொண்டு போவார்.

நான் ஓய்வு பெற்ற நாளில் ஷோரூம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, கேந்திப்பூ மாலை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். சண்முகவேல் அண்ணாச்சியும் மதினியும் அதே வண்டியில் வந்திருந்தார்கள். மேனேஜர் மாலையைத் தூக்கும்போது கூட்டத்துக்குப் பின்னாலிருந்து அண்ணாச்சியின் குரல் கேட்டது.

"சார், கொஞ்சம் பொறுங்க. மாலை போடுததுக்கு முன்னால நல்லாச் சுத்திப் பாத்தியளா? எங்கனயாவது நசுங்கல் கெடக்கப் போவுது!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் எழுந்து நின்று, பிசகிய வலது தோளைத் தட்டிக் காட்டினேன்.

"கெடக்கு அண்ணாச்சி. வலப்பக்கம்."