மைக் டெஸ்ட் முடியும்வரை மேடை சுகுணாக்காவுடையது

முதலில் ஒரு மன்னிப்பு. சுகுணாக்காவைப் பற்றி மேடையேறிப் பேசத் தெரிந்தவர்கள் உங்களில் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். நான் அவருடைய மைக்கை ஒருமுறைகூடக் கையில் பிடித்ததில்லை. "புடி, ரெண்டு வார்த்த பேசு" என்று அவர் நீட்டியபோதெல்லாம் சாமியானாத் துணிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டவள். பதினாறாம் நாள் காரியத்தில் கொடுக்கப்போகும் இந்தச் சிறு நினைவு மலரைத் தட்டச்சு செய்யும் வேலை என்னிடம் வந்தது. கடைசியில் கொஞ்சம் இடம் மீதி இருந்தது. யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

செய்தி வந்தபோது திருப்பதியில், நான் வேலை செய்யும் டி.டி.பி. கடையில் இருந்தேன். ஒரு பக்கம் தெலுங்கு, மறுபக்கம் தமிழ் என்று ஒரு கல்யாணப் பத்திரிகை. மாப்பிள்ளையின் படிப்பை இரண்டு மொழியிலும் அடித்து முடிப்பதற்குள் அம்மாவிடமிருந்து போன். "சுகுணா பூட்டாடி" என்றார். "காலைல நெஞ்சப் புடிச்சிக்கினு உக்காந்தாளாம். ஆஸ்பத்திரிக்கு வண்டியில ஏத்திக்கினு போனாங்க. புத்தூர் தாண்டலியாம்." அம்மா போனை வைக்கவில்லை. அந்தப் பக்கத்தில் யாரோ நிலக்கடலைக் கொடியை உதறும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. வேலையிடத்திலிருந்து பேசுகிறார் என்று அதில்தான் தெரிந்தது.

பிச்சாட்டூரில் அவருடைய வீட்டு வாசலுக்குப் போனபோது வெயில் நடுவானில் நின்றது. வாசலில் சாமியானா இல்லை. ஊரெல்லாம் சாவு வீடுகளுக்கு வாடகை வாங்காமல் நிழல் போட்டவரின் வாசல் வெறுமையாக இருந்தது. அவரிடம் வேலை செய்த ஏழுமலை அண்ணன் கம்புகளை வண்டியிலிருந்து இறக்கிவைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார். "அவங்க சாமியானாவ அவங்களுக்கே எப்பிடிம்மா கட்றது? கை வர்ல" என்றார். கொஞ்ச நேரத்தில் ஒரு டிராக்டர் வந்து நின்றது. இருபது வருடமாக அக்காவோடு போட்டி போட்டவரும், விலையைக் குறைத்து அவருடைய வாடிக்கையாளர்களை இழுத்தவருமான எதிர்க்கடை பாஸ்கர் அண்ணன், தன் சாமியானாவையும் நாற்காலிகளையும் தானே கொண்டுவந்து இறக்கினார். அவரே ஏணி வைத்து ஏறிக் கயிற்றைக் கட்டினார். கட்டிக்கொண்டே யாரிடமும் இல்லாமல் சொன்னார்: "இந்த முடிச்சு அவ போட்டா நாலு நாளு காத்தடிச்சாலும் அவுராது. நான் போட்டா சாயங்காலம் பாத்துக்கணும்."

அக்காவை மைக்செட் சுகுணா என்றுதான் பிச்சாட்டூரிலிருந்து விஜயபுரம் வரைக்கும் தெரியும். செட் அவருடைய கணவருடையது. ஊரில் பாதிப்பேர் வெளியே கிளம்பிய அந்தக் காலத்தில் அவரும் குவைத்துக்கு டிரைவர் வேலைக்குப் போனார். போவதற்கு முன்னால் ஆம்ப்ளிஃபையரையும் இரண்டு கொம்பு ஒலிபெருக்கிகளையும் விற்றுவிடச் சொன்னாராம். "நீ வர வரைக்கும் வூட்ல ஒரு சத்தம் வாணாமா? இருக்கட்டும்" என்று அக்கா வைத்துக்கொண்டார். செட் வாடகைக்குப் போன முதல் ஊரில் புளியமரத்தில் அவரே ஏறிக் கொம்பைக் கட்டியபோது கீழே கூட்டம் கூடிவிட்டது. மேலிருந்தே கேட்டார்: "ஆம்பள ஏறுனா வேல, பொம்பள ஏறுனா வேடிக்கையா? ஒருத்தன் வந்து ஏணிய புடி." ஓடிவந்து பிடித்த ஏழுமலை அண்ணன் அதற்குப் பிறகு ஏணியை விடவே இல்லை.

இனி எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். உங்களில் பலர் அன்று அங்கே இருந்தீர்கள். ஆனால் மேடைக்கு எதிர்ப்பக்கம் இருந்தீர்கள். நான் பின்பக்கம் இருந்தேன்.

ஆடி மாதம் கங்கையம்மன் திருவிழா. எங்கள் காலனிப் பெண்கள் நாற்காலி இறக்கும் கூலிக்கு வந்திருந்தார்கள். அம்மாவும் வந்திருந்தார். அக்கா மரத்தின் மேலே, மைக் கீழே மேடையில். சத்தம் சரியாக வருகிறதா என்று பார்க்க ஆள் இல்லை. ஏழுமலை அண்ணன் ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கப் போயிருந்தார்.

"அம்சா, ஏய் அம்சா! மைக்காண்ட போய் ஏதாச்சும் பேசு" என்று மேலிருந்து அம்மாவைப் பார்த்துக் கத்தினார்.

"மேடை மேலயா? நானா? இன்னா பேசறது?"

"பேசத் தெரியலன்னா பாடு. வயல்ல வாய் ஓயாம பாடிக்கினுதான கீற!"

அம்மாவின் பாட்டுகள் யாரிடமிருந்தும் வந்தவை அல்ல. கடலை ஆயும்போதும் நாற்று நடும்போதும் அன்றன்றைய சங்கதியை வைத்து அவரே கட்டுகிறவை. அன்று எங்கள் ஊர் பஸ்ஸைப் பற்றிப் பாடினார்:

"வருது வருது பஸ்சுன்னு வேப்பமரத்தாண்ட நின்னேன்,
பஸ்சு வர்ல, வேப்பமரம் பூத்துக் காச்சி பழமாச்சி."

வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். சிரித்தார்கள். விழாக் குழுச் செயலாளர் தாமோதரன் ஐயா வேகமாக வந்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. காலனியிலிருந்து யாரும் அந்த மேடையில் அதுவரை ஏறியதில்லை. தட்டி கட்டவும் பெருக்கவும் தவிர.

"ஏமி சுகுணா, யாரு இது மேடையில?"

"டெஸ்டிங் பண்றேன்யா."

"டெஸ்டிங்னா ஹலோ ஹலோன்னு சொல்லணும். பாட்டு எதுக்கு?"

"ஹலோ சொன்னா கொம்பு கத்துதான்னு மட்டும் தெரியும். பாடுனாதான் கரகரங்குதா, எதிரொலிக்குதான்னு தெரியும். ராத்திரி நீங்க பேசக்குள்ள உங்க கொரலு தவள மாதிரி கேட்டா என்னத்தான் திட்டுவீங்க!"

கூட்டம் மறுபடி சிரித்தது. செயலாளர் நின்றார். மேடை குழுவுடையது, நிகழ்ச்சி குழுவுடையது. ஆனால் செட்டைச் சோதிக்கும் நேரம் யாருடையது என்று அதுவரை யாரும் யோசித்ததில்லை. அக்கா அங்கேயே, கிளையில் உட்கார்ந்தபடியே, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "மைக் டெஸ்ட் முடியிற வரைக்கும் மேடை என்னுது. அப்பறம் உங்களுது."

அன்றிலிருந்து அது அவருடைய வழக்கமாயிற்று. இரண்டு நிமிடமாக இருந்த மைக் டெஸ்ட் அரை மணியாக வளர்ந்தது. குடிபாலாவில் ஒரு கல்யாணத்துக்குச் செட் போனபோது, ஒரு ஷேர் ஆட்டோக்காரர் டெஸ்ட் செய்தார். பஸ் கண்டக்டர், தாசில்தார் ஆபீஸ் குமாஸ்தா, பெண்ணின் மாமனார் என்று மூன்று குரலில் பேசினார். மாமனார் மட்டும் கொஞ்சம் கோபித்துக்கொண்டார். சித்தூர்ப் பக்கம் ஒரு பழைய மிஷன் சபையின் அறுப்பின் பண்டிகைக்கு, அம்மன் கோயில்களில் பம்பை அடிக்கும் ஒருவரை அழைத்துப்போய் டெஸ்ட் செய்யவைத்தார். சபைப் போதகரான ஐயர் வெளியே வந்து, "சுகுணா, இது டெஸ்டிங்கா, இல்ல எனக்குச் சோதனையா?" என்று கேட்டுவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து முழுவதும் கேட்டார். ரத்தம் வேண்டுமென்றாலும், பள்ளிக்கூடத்துக்குக் கூரைத் தகடு வேண்டுமென்றாலும் அதையும் அந்த அரை மணியில்தான் சொல்வார். பாட்டு கேட்டுச் சிரித்த கையோடு யாரும் தரமாட்டேன் என்று சொல்வதில்லை என்பது அவருடைய கணக்கு. நான் பட்டம் முடித்த செய்தியை யாருடைய வீட்டுக் காதுகுத்திலோ அறிவித்தார். "நம்ம அம்சா பொண்ணு டிகிரி பாசு! அவங்க நைனா வழியிலயும் அம்மா வழியிலயும் மொத டிகிரி!" காது குத்தப்பட்ட குழந்தையைவிட நான் அதிகமாக அழுதேன்.

பிறகு எங்கள் திருவிழாவுக்கு ஆர்க்கெஸ்ட்ரா வந்த வருடம். பெங்களூருக்கும் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்கும் போன நம் ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து சென்னையிலிருந்து ஒரு குழுவை ஏற்பாடு செய்தார்கள். அவர்களுக்குச் சொந்த செட். "சுகுணா, நீ நாற்காலி, சாமியானா, டியூப் லைட்டு மட்டும் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டார்கள். அந்த வருடத் திருவிழா நோட்டீஸை நான்தான் அடித்தேன். செட் இல்லை என்றால் டெஸ்ட்டும் இல்லை. அம்மா அன்று மேடைப் பக்கம் பார்க்காமல் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா போனது சென்னைப் பையனிடம். மூட்டை மூட்டையாக வயரை இழுத்துக்கொண்டிருந்த அந்த சவுண்டு இன்ஜினியருக்கு டீ கொடுத்து, எந்த பாக்ஸ், எத்தனை வாட்ஸ் என்று விசாரித்தார். தொழிலில் இருக்கும் இருவர் பேசிக்கொள்வதைப் போல.

"ஏன் தம்பி, இவ்ளோ பெரிய செட்டு, டெஸ்டிங் வாணாமா?"

"பண்ணணும்கா. எங்க பாடகருங்க வேன் இன்னும் வர்ல."

"அதுக்கு இன்னா, எங்க பாடகி வந்து ரொம்ப நேரமாச்சி. அம்சா, அந்த நாற்காலிய கீழ வையி."

அன்று அம்மாவின் குரல் ஏரிக்கரை வரைக்கும் போனது. பெங்களூர்ப் பிள்ளைகள் முன்வரிசையில் இருந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டே பாடினார்:

"பெங்களூரு போன மச்சான் ஜீன்சு போட்டு வந்தான்டி,
வரப்பு மேல நடக்கச் சொன்னா வாடகை ஆட்டோ கேட்டான்டி."

விசிலடித்தது அந்தப் பிள்ளைகள்தான். இன்னொன்று, இன்னொன்று என்று கேட்டார்கள். தாமோதரன் ஐயாவும் கை தட்டியதை நான் சாமியானாவுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். அவர் இதைப் படித்தால் மறுக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

அடுத்த ஆடிக்கு முன்னால் அக்கா குழுவிடம் போனார். நோட்டீஸில் அம்மாவின் பெயரை நிகழ்ச்சியாகப் போடும்படி கேட்டார். செயலாளர் கோபப்படவில்லை. "அது புரோகிராம் இல்லியே சுகுணா, டெஸ்டிங்தான? நீதான சொன்ன?" என்றார். அக்கா எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். பஸ்ஸுக்கு நடக்கும்போது என்னிடம் சொன்னார்: "உள்ள நுழையறதுக்கு ஒரு சந்து கெடச்சிதுன்னு சந்தோஷப்பட்டேன்டி. அவங்க அதான் உங்களுக்கு வாசல்னு சொல்லிட்டாங்க." கொஞ்ச தூரம் போனதும் தலையை உதறிக்கொண்டார். "போவுது. அடுத்த வருசமும் கேப்பேன்."

கேட்டார். ஒவ்வொரு வருடமும் கேட்டார். "பாக்கலாம்" என்ற பதில் வந்தது. இந்த ஆடிக்கும் கேட்பதாகச் சொல்லியிருந்தார்.

அக்காவிடமிருந்து நான் எதை வைத்துக்கொண்டேன் என்று இந்த நாட்களில் யோசித்தேன். அவருடைய சத்தம் எனக்கு வராது. மரம் ஏறவும் வராது. அவர் கேட்கும் விதம் மட்டும் எனக்குப் பிடிபட்டிருக்கிறது. ஒரு காரியத்தைக் கேட்கும்போது கெஞ்சமாட்டார், சண்டையும் போடமாட்டார். கேட்டுவிட்டு அங்கேயே நிற்பார். எதிரே இருப்பவர் வாய் திறக்கும்வரை இன்னொரு சொல் சேர்க்கமாட்டார். "கேட்டப்பறம் நீயே பேசிக்கினு இருந்தா, அவங்களுக்குப் பதில் சொல்ற வேல இல்லாமப் பூடும்" என்பார். அதிகம் பேச வராத என்னைப் போன்றவளுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் கிடையாது.

ஆகவே, இதுவரை தள்ளிப்போட்ட ஒன்றைக் கேட்கிறேன். குழுவில் இருப்பவர்களையும், வெளியூரில் இருந்து பணம் அனுப்பும் பிள்ளைகளையும் சேர்த்தே கேட்கிறேன். இந்த வருட நோட்டீஸும் என்னிடம்தான் வரும். அதில் ஒரு வரி சேர்க்க எனக்கு அனுமதி கொடுங்கள்: மாலை ஏழு மணி, அம்சவேணி, சொந்தப் பாட்டுகள். அம்மா என்பதற்காகக் கேட்கிறேன் என்று நினைப்பீர்கள். ஆமாம், அதற்காகவும்தான். ஆனால் நீங்கள் சிரித்தது அவர் என் அம்மா என்பதற்காக அல்ல.

பெயரோடு நேரத்தையும் போடவேண்டும். இத்தனை வருடமாக அம்மா நாற்காலி இறக்கிய கையோடு, புழுதிப் புடவையோடு, எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாமல் மேடையேறியவர். எத்தனை மணிக்குத் தன்னுடைய நேரம் என்று தெரிந்துவிட்டால், அன்று கூலிக்குப் போகமாட்டார். தலைக்குக் குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு, நேரத்துக்கு முன்னாலேயே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.