தூரம் எத்தனை மீட்டர்?

மூன்று வருடத்துக்கு முன்னால், மாசி மாதம். கல்வராயன் மலையில் எங்கள் ஊரில் நடந்தது. நான் அஞ்சாவது வரை படித்தவள். நீட்டி எழுத வராது. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

ஊர் மேலே இருக்கிறது. சுனை கீழே பள்ளத்தில். நடுவில் வழுக்குப் பாறை. பெண்கள் குடத்தோடு அதில்தான் ஏறி இறங்குவோம். கல்யாணமாகி வந்த மறுவருடம் அந்தப் பாறையில் விழுந்தேன். குடம் நசுங்கியது. வயிற்றில் இருந்ததும் போய்விட்டது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

சுனையில் மோட்டார் வைத்து, வெயிலில் ஓட சோலார் பலகை போட்டு, ஊருக்குள் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றித் தருகிறோம் என்று ஒரு குழு வந்தது. தொழில் படித்தவர்கள் சம்பளம் வாங்காமல் ஏழை நாடுகளுக்குப் போய் இப்படிச் செய்து கொடுப்பார்களாம். வெள்ளைக்காரர் வருவார் என்று நினைத்தோம். ஜீப்பில் இருந்து இறங்கியது ஒரு பெண். ஆப்பிரிக்காவில் கென்யாவாம். இன்ஜினியர். அவள் பேச்சைத் தமிழில் சொல்ல, கள்ளக்குறிச்சியில் இருந்து ஒரு பெண் கூட வந்திருந்தாள்.

பெரிய மாமா சிரித்தார். என் மாமனாருக்கு அண்ணன் அவர். ஊரில் அவர் சொன்னால் சொன்னதுதான்.

"நம்மளே கஞ்சிக்கு லாட்டரி. நமக்கு ஒத்தாச பண்ண ஆப்பிரிக்காலேர்ந்து வந்துகினு கீறாங்களா?"

வந்தவள் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. டேப்பை எடுத்துக்கொண்டு பாறையில் இறங்கினாள். எங்களிடம் இரண்டு வார்த்தை கற்றுக்கொண்டாள். ஒன்று 'இன்னா'. இன்னொன்று 'தூரம்'. சுனைக்கும் தொட்டிக்கும், தொட்டிக்கும் குழாய்க்கும், எங்கே பார்த்தாலும் டேப்பும் கையுமாக அதே கேள்விதான்.

"தூரம் எத்தன மீட்டர்?"

பிள்ளைகள் அவள் பின்னால் அதைச் சொல்லிக்கொண்டே ஓடும்.

தண்ணீர் மேலே ஏறியது. அப்புறம் அவள் ஒன்று சொன்னாள். நாங்கள் போன பிறகு எங்களுக்காக நீங்கள் காத்துக்கிடக்கக் கூடாது. மோட்டாரைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேர் கற்றுக்கொள்ள வேண்டும். முதல் ஆளாக என் கொழுந்தனைச் சொன்னார்கள். இரண்டாவது ஆளுக்கு நான் கையைத் தூக்கினேன்.

"நீ இன்னாத்துக்கு?" என்றார் பெரிய மாமா. "சுனையில அம்மன் கல்லு கீது. வூட்டுக்குத் தூரமானா அந்தப் பக்கம் போவ முடியுமா? மோட்டாரு உன் தேதி பாத்துகினு ரிப்பேர் ஆவுமா?"

ஆண்கள் சிரித்தார்கள். கள்ளக்குறிச்சிப் பெண் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நின்றாள். அதற்குள் இன்ஜினியர் காதில் 'தூரம்' விழுந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்த வார்த்தை. டேப்பை உருவிக்கொண்டு பெரிய மாமாவிடமே கேட்டாள்.

"தூரம் எத்தன மீட்டர்?"

இப்போது சிரித்தது பெண்கள். நான் அப்படிச் சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. பெரிய மாமா துண்டை உதறித் தோளில் போட்டார்.

விஷயத்தைக் காதோடு சொன்னதும் அவள் டேப்பைச் சுருட்டினாள். இங்கிலீஷில் கொஞ்சம் பேசினாள். கள்ளக்குறிச்சிப் பெண் சத்தமாகவே சொன்னாள்: "அவங்க ஊர்லயும் இதேதான் சொன்னாங்களாம். அந்தத் தூரத்தத் தாண்டித்தான் இவ்ளோ தூரம் வந்தேங்குறாங்க."

இன்ஜினியர், குழாய் முறுக்கும் பைப் ரெஞ்சை என் கையில் வைத்தாள். கனமாக இருந்தது. நான் கீழே வைக்கவில்லை.

"கத்துக்க, வாணாங்கல. அந்த நாளுல மட்டும் கீழ எறங்காத" என்றார் பெரிய மாமா. நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவர் சரி என்று எடுத்துக்கொண்டார்.

அவள் ஊரை விட்டுப் போகும் வரை கற்றுக்கொண்டேன். கழற்று, மாட்டு, மறுபடி கழற்று. தப்பாக முறுக்கினால் "இன்னா?" என்பாள். வேறு திட்டு கிடையாது. குழாயின் அடியில், தண்ணீருக்குள் ஒரு வால்வு இருக்கும். அதன் வாய் மூடாவிட்டால் குழாயில் நிற்கிற தண்ணீர் இறங்கிவிடும். மோட்டார் சும்மா கத்தும். இதை அவள் கண்ணை மூடிக்கொண்டு செய்யச் சொன்னாள். செய்தேன்.

வைகாசியில் அதேதான் ஆனது. மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் இல்லை. கொழுந்தனும் என் வீட்டுக்காரரும் கேரளாவுக்கு எஸ்டேட் வேலைக்குப் போயிருந்தார்கள். நான் வீட்டுக்கு வெளியே கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் நாள்.

"சங்கராபுரத்துலேர்ந்து ஆளு வருவான். அதுவரிக்கும் முன்ன மாரி கொடத்துல எடுத்தாங்க" என்றார் பெரிய மாமா. எடுத்து வருகிற பெண்களிடம்தான் சொன்னார்.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு மாசம் நிறைந்திருந்தது. இடுப்பில் குடத்தோடு என் கொட்டகையைத் தாண்டிப் போனாள்.

"எங்கடி போற?"

"தண்ணிக்குதாங்க்கா. வூட்ல ஒரு சொட்டு இல்ல."

"வெய்யி குடத்த."

"பெரிய மாமா திட்டும்க்கா..."

"வெய்யின்னு சொல்றேன்ல."

ரெஞ்ச் வீட்டுக்குள் இருந்தது. அந்த நாளில் உள்ளே போகக் கூடாது. போனேன். எடுத்தேன். பாறைப் பக்கம் நடந்தேன். பெரிய மாமா எதிரில் வந்து நின்றார்.

"இன்னா பண்றன்னு தெரிதா உனக்கு?"

"தெரிது மாமா. வால்வு வாய் மூடாம இருக்குது."

"இன்னிக்கி நீ தூரம்."

"ஆமா மாமா. இந்தப் பாறைய எறங்கினா கிட்டதான்."

"ஊருக்கு ஒண்ணு ஆனா நீதான் பதில் சொல்லணும்."

"சொல்றேன். என் வயித்துல இருந்தது இந்தப் பாறையில போச்சு. அதுக்கு யாரும் பதில் சொல்லல. நான் சொல்லுவேன்."

அவர் வழியை விட்டார் என்று சொல்ல மாட்டேன். நான் மேலே பட்டுவிடுவேன் என்று ஒதுங்கினார்.

சுனையில் இடுப்பளவு தண்ணீர். குழாயைத் தூக்கி வால்வைக் கழற்றினேன். அதன் வாயில் பூமாலை நார் சிக்கியிருந்தது. வெள்ளிக்கிழமை அம்மன் கல்லுக்குப் பெரிய மாமா போட்ட மாலைதான். எடுத்துப் பாறையில் காயப் போட்டேன். வால்வை மாட்டி, குழாயில் தண்ணீர் ஊற்றி நிரப்பி, முறுக்கி, சுவிட்சைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் மேலே பெண்கள் கத்துவது கேட்டது. வந்துவிட்டது.

பெரிய மாமா அவ்வளவு நேரமும் பாறைக்கு அந்தப் பக்கமே நின்றார். அன்றைக்குத் தூரமாக இருந்தவர் அவர்தான்.

அந்தத் தண்ணீரை அவர் குடிக்கவில்லை. பாறைக்கு அப்பால் ஓடைக்குப் போனார். குடத்தை அவரே தூக்கிக்கொண்டு. பிறந்ததில் இருந்து அவர் குடம் தூக்கி யாரும் பார்த்ததில்லை. பாதி வழியில் உட்கார்ந்து மூச்சு வாங்கியதை ஊரே பார்த்தது. குடத்தை யாரும் போய் வாங்கவில்லை. சில நாள் போனார், வந்தார். அப்புறம் ஒரு காலை குழாயடிக்கு வந்து குடத்தை வைத்தார். நான் திறந்துவிட்டேன்.

"பாற ரொம்ப வழுக்குது" என்றார்.

"ஆமா மாமா" என்றேன்.

பக்கத்து வீட்டுப் பெண்ணின் குழந்தை இப்போது ஓடி விளையாடுகிறது. ஒன்றிரண்டு வீட்டில் இன்னும் என்னைப் பேசுகிறார்கள். பேசட்டும். அவர்கள் குடிப்பதும் அதே தண்ணீர்தான். கென்யாக்காரி இப்போது எந்த ஊர்ப் பாறையில் டேப் பிடிக்கிறாளோ, தெரியாது. இன்றைக்கும் மோட்டார் நின்றால் நாள் பார்க்காமல் இறங்குகிறேன். யாராவது வழியில் நின்று நீ தூரம் என்றால், எத்தனை மீட்டர் என்று கேட்கிறேன்.