ஒரு பக்கம் மட்டும் வெட்டலாம்

பெங்களூருக்கு வெளியே சந்தாபுராவில் இருக்கும் அச்சகத்திலிருந்து புத்தகக் கட்டுகளோடு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பொம்மனஹள்ளி சிக்னலில் வழக்கம்போல வண்டி நின்றுவிட்டது. எனக்குப் பின் சீட்டில் இரண்டு பெண்கள். “அந்தப் பொண்ணு கால்கிட்ட இன்னா கட்டு அது? கல்யாணப் பத்திரிகையா?” என்றார் ஒருவர். இன்னொருவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இல்லக்கா, தமிழ் புக்கு. எங்க ஏரியாவுலயும் இப்படி ஒரு கும்பல் கீது. அவங்களே எழுதி, அவங்களே அச்சுப் போட்டு, அவங்களே வாங்கிப் படிச்சுக்குவாங்க.”

எங்கள் தொழிலைப் பற்றி இவ்வளவு சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. திரும்பி “ஆமாங்க, நாங்க ஆடுகோடி கும்பல்” என்று சொல்ல ஆசையாக இருந்தது. ஆனால் நான் தெரியாதவர்களிடம் சட்டென்று பேசுகிறவள் இல்லை. கட்டை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டேன்.

எங்கள் கும்பலில் ஏழு பேர். ஆடுகோடியில் ஒரு பைக் மெக்கானிக் கடைக்கு மேலே ஒரே ஓர் அறை. ஆரம்பித்தவர் ரேச்சல் அக்கா. பகலில் பள்ளியில் கணக்கு டீச்சர். மற்றவர்களும் வேலைக்குப் போகிறவர்கள். நான் மட்டும் முழுநேரம். மெய்ப்புத் திருத்துவது, பார்சலில் முகவரி ஒட்டுவது, எழுத்தாளர்கள் போனில் புலம்பும்போது “ம்” போடுவது, இவை என் வேலைகள். நீங்களும் ஒரு சின்னப் பதிப்பகத்தில் மாட்டிக்கொண்டவரென்றால், மூன்றாவதுதான் அதிக நேரம் பிடிக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

எங்கள் ஒரே சட்டம்

எங்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் தங்கள் வாழ்க்கையைத்தான் எழுதிக்கொண்டு வருகிறார்கள். அதில் அவர்கள் மட்டுமா இருக்கிறார்கள்? மாமியார், மேனேஜர், பக்கத்து வீடு, பழைய சிநேகிதன் என்று ஒரு தெருவே இருக்கும். அதனால் ரேச்சல் அக்கா ஒரு சட்டம் வைத்திருக்கிறார். அச்சுக்குப் போவதற்கு முன் ஒரே ஒரு மாதிரிப் பிரதி போடுவோம். புத்தகத்தில் முக்கியமாக வருகிறவர் அதை முதலில் படிக்க வேண்டும். பிடிக்காத ஒரு பக்கத்தை அவர் வெட்டலாம். காரணம் கேட்க மாட்டோம். ஆனால் ஒன்றே ஒன்றுதான்.

புதிதாக வந்த ஓர் எழுத்தாளரிடம் இதை விளக்கினேன். மாமியாரைப் பற்றி நூற்றியிருபது பக்கம் எழுதியிருந்தவர் அவர். கொஞ்ச நேரம் யோசித்தார். முகம் மலர்ந்தது. “ஒண்ணுதானா? ஐயோ பாவம், எதை வெட்டறதுன்னு தெரியாம அவங்களுக்கு பிரஷர் ஏறிடுமே!”

மோட்டார்

ஒரு கவிஞர் தன் வீட்டு ஓனரைப் பற்றி ஒரு நீண்ட கவிதை எழுதியிருந்தார். ஓனர் தண்ணீர் மோட்டாரை நிறுத்துவதும், தலையில் சோப்பு நுரையோடு கவிஞர் உலகத்தை நினைத்து வருந்துவதும்தான் விஷயம். ஓனர் தமிழர்தான், ஆனால் படித்ததெல்லாம் கன்னடத்தில். எனவே நான் போய் வாசித்துக் காட்ட வேண்டியதாயிற்று. நாலு பேர் முன்னால் என் பெயரைச் சொல்லவே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இதில் “கருணையற்ற குழாயின் காவலனே” என்று அவரைப் பார்த்தே வாசிக்க வேண்டும். சுவரைப் பார்த்து வாசித்தேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு முழுக்கக் கேட்டார். அவர் மனைவி அடுக்களையில் சிரிப்பது கேட்டது. முடித்ததும், எந்தப் பக்கத்தை வெட்ட வேண்டும் என்று பென்சிலை நீட்டினேன். “வெட்டறதுக்கு ஒண்ணும் இல்லம்மா, சென்னாகித்து, நல்லாவே கீது. ஆனா ஆறு மணிக்கு ஆஃப் பண்றேன்னு எழுதிக்கீறான் பாரு, அது சுத்தப் பொய்யி. ஆறரைக்குத்தான் ஆஃப் பண்றேன். அத மட்டும் சரி பண்ணிடு.”

தாளுக்கு இரண்டு பக்கம்

பென்சிலால் கோடு போட்டால் போதும், கிழிக்கக் கூடாது என்பதை ஆரம்பத்தில் நாங்கள் சொன்னதில்லை. பெரியவர்களுக்கு இதெல்லாம் சொல்ல வேண்டுமா என்று விட்டுவிட்டோம். ஒரு நாள் ஒருவர் கோபமாகப் படியேறி வந்தார். தன் நண்பர் எழுதிய புத்தகத்தில் தன்னைக் கஞ்சன் என்று எழுதியிருந்த பக்கத்தை வீட்டிலேயே கிழித்து, தூள்தூளாக்கி, குப்பை வண்டியில் போட்டுவிட்டதாகச் சொன்னார். சட்டப்படி நடந்தவர் என்ற பெருமை முகத்தில் தெரிந்தது.

நான் தயங்கித் தயங்கி, கணினியில் அந்தத் தாளின் மறுபக்கத்தைத் திறந்து காட்டினேன். விபத்தில் கிடந்த தன்னை இவர் தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியதை நண்பர் அதில் எழுதியிருந்தார். மனிதர் நின்றபடியே படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்: “ஏம்மா, கஞ்சன்னு ஒரு தடவதானே எழுதியிருக்கான்? அது இருந்துட்டுப் போகட்டுமே?”

அன்றிலிருந்து மாதிரிப் பிரதியோடு ஒரு பென்சிலையும் நூலில் கட்டிக் கொடுக்கிறோம்.

பக்கம் 61

அமுதா பொம்மனஹள்ளியில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். கோலார் தங்கவயலில் வளர்ந்தவர். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். எங்களிடம் அவர் கொண்டுவந்தது அந்தச் சிறு வயதுக் கதைகளை. சுரங்கக் குடியிருப்பில் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு வீட்டுச் சண்டை, தங்கம் பிரித்தெடுத்த பின் கொட்டிய சயனைடு மண்மேட்டில் அட்டையை வைத்துச் சறுக்கி விளையாடியது, எல்லாவற்றுக்கும் நடுவே வசந்தா என்கிற அக்கா. ஒன்பது வயது பெரியவர். அம்மா விடியலிலேயே வேலைக்குப் போய்விடுவதால் அமுதாவுக்குத் தலைபின்னி, சோறு கட்டி, பள்ளிக்கு இழுத்துப் போனது அக்காதான். மெய்ப்புப் பார்க்கும்போது நான் தனியாகச் சிரித்ததில், கீழே மெக்கானிக் கடையிலிருந்து ஒருவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அறுபத்தொன்றாம் பக்கத்தில் சிரிப்பு நின்றது. அக்கா பன்னிரண்டாவது முடித்து, சென்னையில் நர்ஸ் படிப்புக்கு மனுப் போட்டிருக்கிறார். தபால்காரர் கொண்டுவந்த பதிலை வாசலில் வாங்கியது ஒன்பது வயது அமுதா. அக்கா ஊருக்குப் போய்விட்டால் எனக்கு யார் தலைபின்னுவார்கள் என்று, அந்தக் கடிதத்தை ஒளித்துவைத்துவிட்டாள். பதிலே வரவில்லை என்று அக்கா நினைத்தார். கொஞ்ச நாளில் பெங்களூருக்கு ரயிலேறி, கார்மெண்ட்ஸில் சேர்ந்தார். அந்தச் சம்பளத்தில்தான் அமுதா நர்ஸ் படித்தார். இருபத்திரண்டு வருஷமாக இது யாருக்கும் தெரியாது. கடிதத்தில் என்ன இருந்தது என்று புத்தகத்தில் இல்லை. ஓரத்தில் அதைக் கேட்டு எழுதியிருந்தேன். அமுதா அதற்கு மட்டும் பதில் எழுதவில்லை.

எங்கள் சட்டப்படி மாதிரிப் பிரதி வசந்தாவுக்குத்தான் போக வேண்டும். “அந்தப் பக்கத்த நானே எடுத்துடறேங்க்கா. அவளுக்கு ஒரே தங்கச்சி நானு” என்றார் அமுதா. “தாராளமா எடு. உன் புக்கு” என்றார் ரேச்சல் அக்கா. “ஆனா அத எழுதறதுக்குத்தான் மத்ததெல்லாம் எழுதினியோன்னு எனக்கு ஒரு சந்தேகம்.” அமுதா பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து என் மேசை முன்னால் நின்றார். “என்னால முடியாது. நீங்க போய்க் குடுத்துட்டு வாங்க. உங்களுக்குத்தான் எதுவும் பேசாம திரும்பி வரத் தெரியும்.”

கேட்டுக்கு வெளியே

வசந்தாவை அவர் ஃபேக்டரி கேட்டுக்கு வெளியே, ஷிஃப்ட் விடும் நேரத்தில் பார்த்தேன். நூற்றுக்கணக்கான பெண்கள் வெளியே வரும்போதும் அவர் குரல் தனியாகக் கேட்டது. லைன் சூப்பர்வைசர், தையல் மெஷின்களுக்கு மேல் கத்திப் பழகிய குரல். புத்தகத்தை வாங்கியதும் அட்டையில் தங்கையின் பெயரைத் தடவிப் பார்த்தார். பிறகு போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்தினார். “ஏய், பாருங்கடி, எங்க அமுதா எழுதின புக்கு!”

சட்டத்தை மட்டும் சொன்னேன். “ஒரு பக்கம் வெட்டலாமா? எதுக்கு வெட்டணும், எங்க பாப்பா எழுதினத?” என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பென்சில் கட்டிய நூலைச் சரி செய்துகொண்டிருந்தேன். “இதுல நானு கீறேனா?” என்றார். இருக்கீங்க என்றேன். “ஹீரோயினா?” ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். “அப்ப ஞாயித்துக்கெழம படிச்சிட்டு போன் போடறேன். எதுக்கும் நல்ல போட்டோவா ஒண்ணு எடுத்து வெக்கறேன்.”

மூன்று ஞாயிறு

புத்தகங்கள் தாள் வராமல் நிற்கும், மெஷின் கெட்டு நிற்கும். இது ஓர் அக்காவுக்காக நின்றது. முதல் ஞாயிறு போன் வரவில்லை. இரண்டாவது ஞாயிறும் இல்லை. அமுதா தினமும் என்னைக் கூப்பிட்டார், அக்காவைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. ஆடுகோடியில் மழையா என்றார். சாப்பிட்டாச்சா என்றார். நான் “ம்” போட்டேன். ஞாயிறுதோறும் அக்கா வீட்டில்தான் அவருக்குச் சாப்பாடு என்று புத்தகத்தில் படித்திருந்தேன். இப்போது மெஸ்ஸில் சாப்பிடுவதாகச் சொன்னார்.

மூன்றாவது ஞாயிறும் போனதும் சந்தாபுரா அச்சகக்காரர் பொறுமை இழந்தார். “தாள் வெட்டி வெச்சு எவ்ளோ நாளாச்சு! எலெக்‌ஷன் ரிசல்ட்டுகூட இவ்ளோ இழுக்கலம்மா. அந்தம்மா எழுத்துக் கூட்டிப் படிக்கறாங்களா இன்னா?”

ரப்பர்

புதன்கிழமை வசந்தா கூப்பிட்டார். “சனிக்கெழம மத்யானம் வரேன். அவளையும் வரச் சொல்லு.” அவ்வளவுதான். வைத்துவிட்டார். பிறகு மறுபடி கூப்பிட்டார். “ரப்பர் இருந்தா எடுத்து வெய்யி. தப்புத் தப்பா கோடு போட்டுட்டேன்.”

சனிக்கிழமை

அமுதா முன்னாலேயே வந்து பிரதிகள் அடுக்கிய மூலையில், பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கிளினிக்கிலிருந்து நேராக வந்ததில் பின்னல் பாதி அவிழ்ந்திருந்தது. வசந்தா படியேறி வந்தார். தங்கையைப் பார்க்காமல் ரேச்சல் அக்காவுக்கு எதிரே உட்கார்ந்து, பையிலிருந்து புத்தகத்தை எடுத்தார். சட்டைத் துணியின் வெட்டுத் துண்டில் சுற்றியிருந்தது. பக்கங்களுக்கு நடுவே அடையாளத்துக்குக் கலர்கலராகத் தையல் நூல்.

“பாருங்க டீச்சர்” என்று சிவப்பு நூலை இழுத்தார். “நான் கணக்குல மூணு தடவ ஃபெயில்னு போட்டுக்கீறா. ரெண்டு தடவதான்.” பச்சை நூல். “எங்குரலு சுரங்கத்துச் சங்கு மாதிரியாம்.” மஞ்சள். “நான் தல பின்னினா கண்ணு ரெண்டும் நெத்திக்கு ஏறிக்குமாம், அவ்ளோ இறுக்கமாம். இது மூணையும் வெட்டணும்னு கோடு போட்டேன். அப்பறம்தான் ஒண்ணுதான்னு ஞாபகம் வந்துச்சு. இன்னா ரூல்ஸ் இது?”

ரேச்சல் அக்கா சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். அமுதா சிரிக்கவில்லை. புத்தகத்தில் இன்னும் ஒரு நூல் இருந்தது, வெள்ளை. வசந்தா அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, முதல் முறையாகத் தங்கை பக்கம் திரும்பினார்.

“எங்கடி வெச்ச அத?”

“டிரங்குப் பெட்டியில. அடியில விரிச்ச பேப்பருக்குக் கீழ.”

“தெனமும் நான் தாவணி எடுப்பேனே, அந்தப் பெட்டியா?”

“ஆமாக்கா.”

கீழே யாரோ பைக்கை உறுமவிட்டு அணைத்தார்கள். அது அடங்கும்வரை வசந்தா காத்திருந்தார்.

“அதுல இன்னா போட்டிருந்துச்சு? நீ படிச்சியா?”

“அப்ப இங்கிலீஷ் தெரியல. பத்தாவது வந்தப்பறம் படிச்சேன்.”

“எடம் குடுத்திருந்தாங்களா?”

அமுதா தரையைப் பார்த்தார். “குடுத்திருந்தாங்கக்கா. ஹாஸ்டலும்.”

வசந்தா உதட்டை அசைத்து அந்தப் பக்கத்தை ஒரு முறை படித்தார். “நானு ஃபெயிலுன்னே நெனச்சுக்கினு இருந்தேன், டீச்சர்” என்றார் ரேச்சல் அக்காவிடம். “கணக்கு மாதிரி இதுவும்னு.”

நான் பென்சிலை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. புத்தகத்தை மடியில் நழுவாமல் பிடித்து, அறுபத்தொன்றாம் பக்கத்தை மேலிருந்து கீழே, முதுகோடு ஒட்டி, துணி கிழிப்பதுபோல நேராகக் கிழித்தார். மறுபக்கம் காலி; அத்தியாயம் அங்கே முடிந்திருந்தது. தாளை நாலாக மடித்து, பர்ஸைத் திறந்து, பிள்ளைகள் போட்டோவுக்குப் பின்னால் வைத்து மூடினார்.

“மிச்சத்த அச்சுக்குக் குடுங்க” என்றார். “மூணு தடவைய மட்டும் ரெண்டாக்கிடுங்க.”

எழுந்து போய் அமுதாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தோளைப் பிடித்து அந்தப் பக்கம் திருப்பினார். ரப்பர் பேண்டைக் கழற்றிப் பல்லில் கடித்துக்கொண்டு, பின்னலை முழுக்கப் பிரித்து, மேலிருந்து மறுபடி பின்ன ஆரம்பித்தார், இறுக்கி.