படம் மாடி ஏறிய கதை

மென்பொருள் எழுதுகிற அந்த மனிதருக்கு 'முடியாது' என்ற வார்த்தை வாயில் வராது. யார் எதைக் கேட்டாலும் 'பார்க்கலாம்' என்பார். அப்படிச் சொல்லிவிட்டால் வேலையைக் கிடப்பில் போட்டுவிட்டார் என்று அர்த்தம். தெரிந்தவர்கள் அதோடு விட்டுவிடுவார்கள். மனைவி மட்டும் விடாப்பிடிக்காரி.

அந்த அம்மாள் ஒரு மருத்துவமனையில் ஸ்கேன் எடுப்பவர். படங்களுக்குப் பெயர் போட்டுச் சேமிக்கிற செயலி கணவர் எழுதியதுதான். ஆனால் அதற்குச் சேமிக்கத் தெரியுமே தவிர, அனுப்பத் தெரியாது. ஸ்கேன் அறை தரைத்தளத்தில், டாக்டர் மூன்றாவது மாடியில், லிஃப்டோ நோயாளிகளுக்கு மட்டும். எனவே ஒவ்வொரு படத்தையும் பென்டிரைவில் போட்டுக்கொண்டு மூட்டுவலியோடு ஏறி இறங்கினார். கடைசியில் பொறுமை போய், திங்கட்கிழமையிலிருந்து படம் தானாகவே மேலே வந்துவிடும் என்று டாக்டரிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். வீட்டில் தகவல் மட்டும் சொன்னார்.

இனித் தட்டிக்கழிக்க வழியில்லை. மனுஷர் உட்கார்ந்தார். எல்லாவற்றையும் அவரே எழுத வேண்டியதில்லை. கோப்பு அனுப்புவதற்கென்றே யாரோ ஒரு புண்ணியவான் எழுதி வைத்த ஆயத்த நிரல், அவர்கள் பாஷையில் லைப்ரரி, இருந்தது. அதைச் செயலியோடு சேர்த்து, 'அனுப்பு' என்று ஒரு பொத்தான் வைத்து, எந்தக் கம்ப்யூட்டருக்குப் போக வேண்டும் என்று முகவரி கொடுத்தால் தீர்ந்தது. வீட்டில் சோதித்தபோது படம் கண் மூடித் திறப்பதற்குள் போய்ச் சேர்ந்தது. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை ஸ்கேன் அறையிலும் டாக்டர் அறையிலும் செயலியை ஏற்றினார். மனைவி பொத்தானை அழுத்த, 'அனுப்பப்பட்டது' என்றது திரை. சற்றைக்கெல்லாம் போன் அடித்தது.

"என்னம்மா, இங்க ஒண்ணும் வரலையே?" என்றார் டாக்டர்.

மறுபடி அழுத்தினார்கள். திரை மறுபடி அதையே சொன்னது, டாக்டரும்தான். மேலே நோயாளி காத்திருந்தார். மனைவி பென்டிரைவை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

கணவர் வாசலில் நின்று பார்த்தார். கைப்பிடியைப் பற்றி, ஒரு காலை வைத்து, மறு காலையும் அதே படிக்கு இழுத்து, நின்று மூச்சு வாங்கி, அடுத்த படி. அவர்கள் வீட்டில் மாடி கிடையாது. இதை அவர் பார்த்ததே இல்லை.

உள்ளே ஓடிவந்து தவறு எங்கே என்று தேடினார். வீட்டில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். அனுப்புவதும் வாங்குவதும் அதுவே என்று வைத்துச் சோதித்தவர், முகவரியில் 'இதே கம்ப்யூட்டர்' என்று போட்டதை மாற்ற மறந்திருந்தார். ஸ்கேன் அறைக் கம்ப்யூட்டர் சமர்த்தாகத் தனக்குத்தானே படம் அனுப்பிக்கொண்டிருந்தது. தன்னை நாலு திட்டு திட்டிக்கொண்டு அந்த ஒரு வரியை மாற்றினார்.

மனைவி இறங்கி வந்ததும் மறுபடி அழுத்தச் சொன்னார். இந்த முறை டாக்டர், வந்துவிட்டது, தெளிவாக இருக்கிறது என்றார்.

மனைவி நாற்காலியில் சாய்ந்து முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். முகத்தில் சந்தோஷம்தான்.

"இதைப் பண்ண எத்தனை நாள் ஆச்சுங்க?"

"ரெண்டே நாள்," என்றார் கணவர் பெருமையாக.

மனைவி தலையாட்டினார்.

"நான் கேட்டு ஆறு வருஷம் ஆச்சு," என்றார், கோபமே இல்லாமல்.