சுத்தம் நன்று, சாப்பாடு நன்று, பேச்சு இல்லை

முதியோர் இல்லங்களுக்கு மார்க் போடுவதும் ஒரு தொழில்தான். பன்னிரண்டு வருஷம் அதைச் செய்து பிழைத்தவள் நான்.

கேகாலையில் ஒரு தர்ம ஸ்தாபனம். தான் உதவி செய்கிற இல்லங்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்து வர அதற்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. தமிழும் சிங்களமும் எழுதப் படிக்கத் தெரிந்த தோட்டத்துப் பெண் என்பதால் தொண்ணூற்றாறாம் ஆண்டு என்னை எடுத்துக்கொண்டார்கள். முப்பத்திரண்டு கேள்விகளும் ஒவ்வொன்றுக்கும் உரிய மார்க்கும் அச்சடித்த படிவம் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். வெளிநாட்டில் யாரோ ஆங்கிலத்தில் எழுதி, கொழும்பில் யாரோ சிங்களமாக்கி, அதைப் பார்த்து வேறு யாரோ தமிழாக்கிய கேள்விகள். ‘வதிவாளரின் ஓய்வு மகிழ்வூட்டப்படுகிறதா?’ என்று ஒன்று இருந்தது. வதிவாளர் என்றால் இல்லத்தில் இருப்பவர்; மற்றதற்கு என்ன அர்த்தம் என்று கடைசிவரை எனக்கு யாரும் சொல்லவில்லை.

பஸ்ஸில் நின்றபடியே மலை ஏறி, ஆமிக்காரர்களின் செக்பொயின்டில் இறங்கி அடையாள அட்டையைக் காட்டிவிட்டு மறுபடி ஏறி, மழையில் பைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்துபோய், கட்டங்களில் சரி போட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். உங்களில் யாராவது கட்டத்தில் சரி போட்டுச் சோறு தின்றவர்கள் இருந்தால், என் எரிச்சல் உங்களுக்குத்தான் புரியும்.

விரிப்பு கலையக் கூடாது

முதல் விஜயம் அரநாயக்கப் பக்கம் ஓர் இல்லம். நான் இன்ன தேதி வருகிறேன் என்று இரண்டு வாரத்துக்கு முன்பே கடிதம் போட்டுவிடுவார்கள். அது ஸ்தாபனத்தின் விதி. ‘திடீரென்று போய் நின்றால் அவமரியாதை’ என்பார் எங்கள் டைரக்டர்.

போனேன். கண் கூசுகிற வெள்ளை விரிப்புகள். இருபது கட்டிலிலும் ஒரு சுருக்கம் இல்லை. தரையில் முகம் தெரிந்தது. பொறுப்பாளர் கைகட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார். எல்லாவற்றுக்கும் சரி போட்டேன். அப்புறம்தான் கட்டிலில் ஒருவரும் இல்லையே என்று தோன்றியது. எல்லாரும் வெளி விறாந்தையில், இரண்டு நீள வாங்குகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். சிலர் உட்கார்ந்தபடியே தூங்கி, பக்கத்து ஆளின் தோளில் சாய்ந்திருந்தார்கள். காலை ஆறு மணியிலிருந்து அப்படித்தானாம். ஓரத்தில் இருந்த ஒரு கிழவர், கணக்கப்பிள்ளை வேலை பார்த்தவராம், எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு மிகவும் மரியாதையாக என்னிடம் கேட்டார்:

“மிஸ், நீங்க போன பொறகுதான் நாங்க படுக்கலாம்னு சொல்லியிருக்காங்க. போறீங்களா?”

பூட்டிய டீவி

இன்னோர் இல்லத்தில் ‘ஓய்வு மகிழ்வூட்டல்’ கட்டத்தைக் காட்டி, “டீவி இருக்கா?” என்று கேட்டேன். இருக்கிறது என்றார்கள். கண்ணாடி அலுமாரிக்குள், பூ வேலை செய்த துணி போர்த்தி, மாலைகூடப் போட்டு வைத்திருந்தார்கள். அலுமாரிச் சாவி எங்கே என்று கேட்டேன். தலைவர் வீட்டிலாம். தலைவர் எங்கே? கண்டியில் மகளோடு இருக்கிறாராம். எப்போது வருவார்? அதை நான்தான் அவருக்குக் கடிதம் போட்டுக் கேட்க வேண்டுமாம்.

நான் அந்தக் கட்டத்தில் பிழை போட்டேன். டைரக்டர் அதைப் பேனையால் வெட்டிச் சரி போட்டார். “சேர், அது பூட்டிக் கிடக்குது” என்றேன். மனிதர் கோபப்படவே இல்லை. சின்னப் பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பதுபோல் சொன்னார்:

“இருக்கான்னுதானே கேட்டிருக்கு மிஸ், ஓடுதான்னு கேக்கலையே.”

தமிழா அது?

புளத்கொகுபிட்டியவைத் தாண்டி, இறப்பர் மரங்களுக்கு நடுவே இருந்த இல்லத்தை எனக்குப் பிடிக்கும். அதன் பின்பக்கத்தில் மறதி நோய் வந்தவர்களுக்கென்று எட்டுக் கட்டில் போட்ட தனி அறை உண்டு. மேட்ரன் குசுமா மாத்தறைப் பக்கத்துச் சிங்களப் பெண். ஐம்பது வயதிருக்கும். யாரையும் அதட்ட மாட்டார். அந்த அறையில் மூத்திர நாற்றம் இருக்காது. எல்லாருக்கும் நகம் வெட்டியிருக்கும், தலை வாரியிருக்கும். கடிதம் போடாமல் போனாலும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று நம்புகிறேன்.

ஐந்தாவது கட்டில் லெச்சுமி அம்மா. இறப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் பால்வெட்டியவர். ரிஜிஸ்டரில் அவருக்கு நேரே ‘பேச்சு இல்லை. சாப்பாட்டை மறுக்கிறார். நோய் முற்றுகிறது’ என்று எழுதியிருந்தது. வந்த புதிதில், கடையில் சாமான் வாங்கப் பழகிய சிங்களத்தை நன்றாகப் பேசினாராம். இரண்டு மாதத்தில் அது போய்விட்டது. பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். ஆறு மாதத்துக்கு முன்பு வந்தபோது நானும் அந்த வரியைப் படித்துவிட்டு, ‘பராமரிப்பு: நன்று’ என்று போட்டுவிட்டுத்தான் போயிருந்தேன்.

இந்த முறை கட்டில் இலக்கத்தைப் பார்க்கக் குனிந்தேன். சுவரோடு ஏதோ முணுமுணுப்பது கேட்டது. காதைப் பக்கத்தில் கொண்டுபோனேன். “இந்தப் பக்கம் வலிக்குது, இந்தப் பக்கம் வலிக்குதுன்னா யாரு கேக்குறா?” என்றார். எனக்குப் பைல் கையிலிருந்து நழுவிவிட்டது. “எங்கம்மா வலிக்குது?” என்றேன். லெச்சுமி அம்மா மெதுவாகத் திரும்பி, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “எங்க போய்த் தொலைஞ்ச இவ்வளவு நாளா?” என்று திட்ட ஆரம்பித்தார். யாரென்று நினைத்தாரோ தெரியாது. கடவாய்ப் பல், அவிழ்ந்துபோன ஆடு, லயத்து வீட்டில் தண்ணீர் வராதது, செத்துப்போன புருஷன் என்று அரை மணி நேரம் நிற்காத பேச்சு. மருந்துத் தட்டோடு வாசலில் நின்ற குசுமா மேட்ரனின் முகம் வெளுத்துப்போனது. சிங்களத்தில் மெதுவாகக் கேட்டார்:

“நோயில உளர்றாங்கன்னு நினைச்சேன் மிஸ். தமிழா அது?”

எந்தத் தீபாவளி

அந்தப் பல் வலியால்தான் லெச்சுமி அம்மா சோற்றைத் துப்பியிருக்கிறார். அதைப் பார்த்துத்தான் நோய் முற்றுகிறது என்று எழுதியிருக்கிறார்கள். சரி, பிடுங்கிவிடலாம் என்றால், அதற்கு உறவினரின் கையெழுத்து வேண்டுமாம். மகன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. கடைக்கு போன் செய்தால், சாமான் எடுக்க வெளியே போயிருக்கிறார் என்றார்கள். மறுபடி செய்தபோதும் அதே பதில். இல்லத்தின் கமிட்டியைக் கேட்டால், அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றார்கள். வலிக்கிற பல்லுக்கு அடுத்த கூட்டமாம்! மூன்றாம் நாள், நான் மறுபடி போயிருந்தபோது, குசுமா மேட்ரன் போனைப் படாரென்று வைத்துவிட்டு, “நான் கையெழுத்துப் போடுறேன், கேட்டா என்னைத் துரத்தட்டும்” என்று த்ரீவீலருக்கு ஆள் அனுப்பினார்.

கேகாலை வரைக்கும் லெச்சுமி அம்மாவை நடுவில் வைத்து இரண்டு பேரும் பிடித்துக்கொண்டு போனோம். பல் டொக்டர் இளவயதுக்காரர். ஈறு வீங்கிச் சீழ் கட்டியிருந்ததைப் பார்த்ததும், எவ்வளவு நாளாக வலி என்று சிங்களத்தில் கேட்டார். நான் தமிழில் கேட்டேன். “தீபாவளியில இருந்து” என்றார் லெச்சுமி அம்மா, சந்தேகமே இல்லாமல். அப்படியே மொழிபெயர்த்தேன். டொக்டர் ஊசியைக் கையில் பிடித்தபடி இன்னொரு தரம் ஈறைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“எந்தத் தீபாவளின்னு கேளுங்க.”

ஒன்பதாம் கேள்வி

பல் போன மறுவாரமே லெச்சுமி அம்மா சாப்பிட ஆரம்பித்துவிட்டார். ஆனால் தமிழில் பேச ஆள் வேண்டுமே? நான் தினமும் பஸ் ஏறி வர முடியுமா? அறையில் வேலை செய்த மூன்று பேருக்கும் தமிழ் தெரியாது. புதிதாக ஆள் எடுக்க இடமில்லை. பார்க்கப் போன அன்றைக்கு அந்தக் கவலையோடு சமையலறைப் பக்கம் போய், கொடுத்த தேத்தண்ணியை ஒரே மடக்காகக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன். “ஐயோ அம்மா!” என்று என் வாயில் வந்தது. “பாத்து மிஸ், சூடு ஈக்கிது” என்று அடுப்படியிலிருந்து பதில் வந்தது.

சமையல்காரி றஹீமா. புளத்கொகுபிட்டிய முஸ்லிம் குடும்பம். வீட்டுப் பேச்சே தமிழ். இரண்டு தடவை இந்தச் சமையலறையைப் பார்த்திருக்கிறேன். இரண்டு தடவையும் நான் சிங்களத்தில் கேட்டேன், அவர் சிங்களத்தில் பதில் சொன்னார், சரி போட்டுவிட்டுப் போனேன். லெச்சுமி அம்மாவின் கட்டிலுக்கும் இந்த அடுப்புக்கும் நடுவில் ஒரு முற்றம்தான். ஏன் ஒருநாள்கூட அந்தப் பக்கம் போகவில்லை என்று கேட்டேன். போகக் கூடாது என்று சட்டமாம். யார் போட்ட சட்டம்? என் படிவத்தின் ஒன்பதாம் கேள்வி: ‘சமையலறை ஊழியர்கள் வதிவாளர் அறைகளுக்குள் நுழையாதிருப்பது உறுதிசெய்யப்படுகிறதா?’ அதற்கு நான்தான் இரண்டு தடவையும் முழு மார்க் போட்டிருந்தேன். றஹீமா கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“பத்து மாசமா அந்தக் கட்டிலுக்குச் சோறு அனுப்புறன் மிஸ். திண்றது யாருன்னு ஒத்தரும் செல்லல்லயே.”

இரண்டு மார்க்

அன்றிலிருந்து மத்தியானச் சமையல் முடிந்ததும் றஹீமா குளித்து, உடுப்பு மாற்றி, லெச்சுமி அம்மாவுக்கு ஊட்டப் போனார். கீரைக்கு உப்புப் பத்தவில்லை என்று லெச்சுமி அம்மா சண்டை பிடிப்பார். றஹீமாவும் விடமாட்டார். அந்த அறையில் மற்ற ஏழு பேரும் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். அங்கே அவ்வளவு சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

நடந்ததை அப்படியே ரிப்போர்ட்டில் எழுதினேன். கூடவே, ‘வதிவாளரின் மொழியில் பேச ஆள் இருக்கிறதா?’ என்று ஒரு கேள்வியைச் சேர்க்க வேண்டும் என்றும் எழுதினேன். டைரக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் படித்தார். கண் கலங்கியதுபோலக்கூட இருந்தது. படிவம் வெளிநாட்டில் ஒப்புதல் வாங்கியது, முப்பத்து மூன்றாவது கேள்விக்குத் தாளில் இடமில்லை என்றார். அப்புறம் சிவப்புப் பேனையை எடுத்து, அந்த இல்லத்துக்கு ஒன்பதாம் கேள்வியில் இரண்டு மார்க்கை வெட்டினார். எதிர்த்துப் பேசியிருந்தால் அன்றைக்கே என் வேலை போயிருக்கும். அவர் தாளை என் பக்கம் தள்ளிக்கொண்டே சொன்னார்:

“நல்ல காரியம்தான் மிஸ், ஆனா இத நீங்க எழுதியிருக்கக் கூடாது.”

அவங்கள போய்ப் பாருங்க

இதைக் குசுமா மேட்ரனிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். றஹீமா போவதை நிறுத்தவும் இல்லை. அடுத்தடுத்த வருகைகளில் நான் ஒன்பதாம் கேள்விக்கு வந்ததும் ஜன்னல் வழியாக இறப்பர் மரங்களைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே முழு மார்க் போட்டேன். பொய்தான். வேண்டுமானால் இப்போது வந்து வெட்டிக்கொள்ளட்டும்.

லெச்சுமி அம்மாவின் மகன் சிவலிங்கம் ஒரு வருஷம் கழித்து ஒரு பௌர்ணமி போயா விடுமுறைக்கு வந்தார். நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன். நாற்பது வயது மனிதர். கையில் கேக் பெட்டி. அறைக்குள் போகத் துணிவில்லாமல் என்னிடமே நின்றார். “இது நல்ல எடமாங்க மிஸ்? நீங்கதானே மார்க் போடுறவங்க. உள்ளதச் சொல்லுங்க” என்றார். பைலை மூடி வைத்தேன். “உள்ள போய் அவங்ககூட சாப்புட்டுப் பாருங்க” என்றேன்.

லெச்சுமி அம்மாவுக்கு மகனைத் தெரியவில்லை. ஆனால் சந்தோஷமாக உட்காரச் சொன்னார். எந்த ஊர், கல்யாணம் ஆகிவிட்டதா என்று விசாரித்தார். தன் தட்டிலிருந்த அப்பளத்தை உடைத்துக் கொடுத்தார். றஹீமா அவருக்கும் ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தார். “அம்மா இருக்காங்களா?” என்று லெச்சுமி அம்மா கேட்டார். சிவலிங்கம் குனிந்தபடி, “இருக்காங்க” என்றார். “வயசானவங்களா?” “ஆமாங்க.” “எப்ப கடைசியா பாத்தீங்க?” சிவலிங்கம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். லெச்சுமி அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அதட்டினார்:

“அப்பறம் இங்க ஒக்காந்து என்னா தம்பி செய்றீங்க, எந்திரிச்சு அவங்கள போய்ப் பாருங்க!”

ஓர் இல்லம் நல்லதா கெட்டதா என்று தெரிந்துகொள்ளச் சாப்பாட்டு வேளையில் ஒரு மணித்தியாலம் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும் என்று எனக்கு விளங்கப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று, ஆனால் ‘சும்மா உட்கார்ந்திருந்தேன்’ என்று எழுத எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது.