பிரேக்கக்காவும் கம்பெனி தந்த நம்பரும்

அந்தத் தெருவில் அவருடைய நிஜப் பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் பிரேக்கக்கா. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். கற்பவரின் காலடியில் இருப்பது போலவே அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். அதன் மேல் பாதத்தை லேசாக வைத்துக்கொண்டு, எதிரே லாரியே வந்தாலும் குரல் ஏறாமல் பேசுவார். "பதறாதீங்க. அவரு பெரிய வண்டி, அவருக்கும் வீட்டுக்குப் போகணும். நீங்க உங்க கோட்டுல போங்க." வேறு இடங்களில் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவைக்கப்பட்டவர்கள் எல்லாம் கடைசியில் இவரிடம்தான் வந்து சேர்வார்கள்.

அவர் கணவர் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். நாள் முழுக்க அடுத்தவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, தூசியோடு அவருக்கு ஜென்மப் பகை உண்டாகிவிட்டது. வீட்டுக் கணினிக்கு உறை, அந்த உறைக்கு மேல் ஒரு துணி, மவுசுக்குத் தனியாக ஒரு சின்னப் பை. யாராவது கணினியைத் தொட வேண்டுமென்றால் இத்தனையையும் கழற்றி மடித்து வைப்பதற்குள் எதற்காக வந்தோம் என்பதே மறந்துபோகும்.

இருவருக்கும் ஒரே மகள். கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போய்விட்டாள். வாராவாரம் கணினியில் முகம் பார்த்துப் பேசுவதுதான் வீட்டின் பெரிய நிகழ்ச்சி. ஒரு வாரம் பேச்சின் நடுவில் இணைப்பு இழுத்துக்கொண்டது. கண்ணாடிக்காரர் கொட்டாவி விட்ட நேரம் பார்த்துப் படம் அப்படியே நின்றுவிட்டது. மகளுக்கு அப்பாவின் கடைவாய்ப் பல் வரைக்கும் தெரிந்தது. அந்தத் திறந்த வாயைப் பார்த்தபடியே அவள் தன் புது வேலையைப் பற்றி முழுக்கச் சொல்லி முடித்தாள். பிறகு இணைப்பு அடியோடு போயிற்று.

மறுநாள் காலை பிரேக்கக்கா மோடத்தின் ரசீதில் அச்சிட்டிருந்த நம்பரைக் கூப்பிட்டார். ஒரு இசை வந்தது. "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம்" என்று ஒரு குரல் வந்தது. மறுபடி இசை. துணியெல்லாம் துவைத்துக் காயப்போட்டு முடிந்தது. முக்கியம் முக்கியமாகவே இருந்தது, ஆள்தான் வரவில்லை. இரண்டு நாள் இப்படிப் போனது. கண்ணாடிக்காரர் கடையில் அந்த இசையை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே லென்ஸ் மாட்ட ஆரம்பித்துவிட்டார்.

மூன்றாவது நாள்தான் விஷயம் தலைகீழானது. இவர் யாரையும் கூப்பிடாமல் இருந்தபோது இவருடைய கைபேசி அடித்தது.

"கட் பண்ணிடாதீங்க மேடம்," என்றது ஒரு ஆண் குரல், எடுத்த எடுப்பில். "ரெண்டு நாளா உங்க பாட்டக் கேட்டு நொந்து போயிருக்கேன்."

"நான் பாடறதே இல்லீங்களே," என்றார் பிரேக்கக்கா.

விசாரித்தபோது விவரம் வெளிவந்தது. இணைப்புக் கம்பெனி தன் உதவி நம்பரை மாற்றியிருந்தது. புது நம்பரை எல்லா வாடிக்கையாளர்களுக்கும் குறுஞ்செய்தியாக அனுப்பியிருந்தது. அனுப்பிய புண்ணியவான் கடைசி இரண்டு எண்களை இடம் மாற்றித் தட்டிவிட்டார். அப்படித் தட்டியதில் வந்தது பிரேக்கக்காவின் நம்பர். அந்தச் செய்தி அவருக்கும் வந்துதான் இருந்தது. விளம்பரம் என்று நினைத்துத் திறக்காமலே விட்டிருந்தார்.

"இது ராங் நம்பருங்க," என்று சொல்லத்தான் வாயெடுத்தார். அதற்குள் அந்த மனிதர், "ஒரு மனுஷக் குரல் கேட்டதே போதும் மேடம். கண்ல தண்ணி வருது," என்றார். முடி வெட்டும் கடைக்காரராம். கடையில் டிவி ஓடாததால் வந்தவர்களெல்லாம் தன்னிடமே பேச ஆரம்பித்துவிட்டார்களாம், தாங்க முடியவில்லையாம்.

பிரேக்கக்காவுக்குக் கணினியைப் பற்றித் தெரிந்தது அதன் மூன்று உறைகள் மட்டுமே. ஆனால் பயந்துபோன ஒருவர் பாதி வழியில் நிற்கும்போது இறங்கிப் போவது அவர் சுபாவத்தில் இல்லை.

"பதறாதீங்க. ரெண்டு கையையும் எடுத்துடுங்க. இப்ப உங்க முன்னாடி என்னென்ன தெரியுது, ஒவ்வொண்ணா சொல்லுங்க."

சொல்லிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். "மேடம், ஒரு வயர் எதுலயும் மாட்டாம சும்மா தொங்குது."

"அது எங்கயாவது மாட்டற மாதிரி ஓட்டை இருக்கா பாருங்க. மெதுவா. அவசரமே இல்ல."

டிவி சத்தம் தொலைபேசி வழியாகவே கேட்டது. கூடவே கடையில் இருந்தவர்கள் கை தட்டும் சத்தமும். பிரேக்கக்காவுக்கு வெட்கத்தில் முகம் சிவந்து போனது. வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்ததற்கு இதுவரை யாரும் கை தட்டியதில்லை.

அதோடு ஆரம்பித்தது. கைபேசி ஓயவில்லை. ஒரு பல் டாக்டர் கூப்பிட்டார். அவருடைய கணினி திடீரென்று திரையில் இருக்கும் எல்லாவற்றையும் உரக்கப் படிக்க ஆரம்பித்துவிட்டதாம். நோயாளி வாயைத் திறந்து வைத்திருக்கும்போது அவருடைய வயதைக் கத்திச் சொல்கிறதாம். "அத நீங்க அடக்கப் பாக்காதீங்க," என்றார் பிரேக்கக்கா. "சத்தம் வர்ற பெட்டி ஒண்ணு இருக்குமே, அதோட வயர மட்டும் உருவிடுங்க. உள்ளுக்குள்ள பேசிட்டுப் போகட்டும்." டாக்டர் திரும்பத் திரும்ப நன்றி சொன்னார்.

ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவரின் பிரிண்டர் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப அச்சடித்துக்கொண்டிருந்தது. "நிறுத்தச் சொல்லி மூன்று முறை உத்தரவு கொடுத்தாயிற்று," என்றார் அவர், கோர்ட்டில் பேசுவது போலவே. "பேப்பர உருவிடுங்க ஐயா," என்றார் இவர். மறுமுனையில் பேப்பர் உருவும் சத்தம் கேட்டது. "சரியான வாதம்," என்றார் நீதிபதி.

பாடம் நடக்கும்போது போனில் பேசக் கூடாது என்று பிரேக்கக்கா கறாராகத்தான் இருந்தார். ஆனால் ஒரு நாள் அடித்த மணி நிற்கவே இல்லை. வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தவர் ஒரு வங்கி குமாஸ்தா. ஸ்டியரிங்கை மலை உச்சியில் தொங்குபவர் மாதிரி பிடித்திருப்பார். பல முறை தேர்வில் தோற்றவர். "எடுத்துடுங்கக்கா, அந்தச் சத்தத்துல எனக்கு இன்னும் படபடங்குது," என்று அவரே கெஞ்சினார். ஸ்பீக்கரில் போட்டார். நீதிபதிதான்.

"ஒரு நிமிஷம் ஐயா, லைன்ல இருங்க," என்றவர் குமாஸ்தாவிடம் திரும்பி, "இப்ப மெதுவா இடது பக்கம் திரும்புங்க," என்றார்.

"திரும்பிவிட்டேன்," என்றார் நீதிபதி. "சுவர் தெரிகிறது. அடுத்து?"

குமாஸ்தாவுக்கு முதலில் தோள் குலுங்கியது. பிறகு மூக்கால் ஒரு சத்தம் வந்தது. கற்றுக்கொள்ள வந்த நாளிலிருந்து அவர் வண்டிக்குள் சிரித்ததே இல்லை. சிரித்த சிரிப்பில் விரல்கள் தளர்ந்தன, வண்டி வெண்ணெய் போல வளைவில் திரும்பியது. அடுத்த வாரமே தேர்வில் தேறினார்.

இந்தக் கூத்தில் ஒரு கொடுமை என்னவென்றால், ஊரார் இணைப்பெல்லாம் சரியாகிக்கொண்டிருந்தது, இவர் வீட்டில்தான் ஆகவில்லை. ஒரு தையல்கார அம்மாள் தன் மோடத்தை இரும்பு அலமாரிக்குள் வைத்திருந்ததாகவும், வெளியே எடுத்ததும் உயிர் வந்ததாகவும் போனில் சந்தோஷமாகச் சொன்னார். பிரேக்கக்கா பேசிக்கொண்டே கணவரை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னங்க, நம்ம மோடத்துக்கு மேல ஒரு துணி போட்டிருந்தீங்களே, அது எங்க?"

"துணிய எடுத்துட்டேன்."

"எடுத்துட்டு?"

"பிஸ்கட் டின்ல வெச்சிட்டேன்," என்றார் கண்ணாடிக்காரர். "மூடியும் போட்டுட்டேன். வயருக்கு மட்டும் ஓட்டை போட்டேன், நீட்டா."

டின்னைத் திறந்ததும் பச்சை விளக்குகள் வரிசையாக எரிந்தன. மனைவி சிரிப்பு தாங்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் அழைப்புகள் நிற்கவில்லை. குளிக்கப் போனால் மணி, சாப்பிட உட்கார்ந்தால் மணி. ஒரு மதியம் முடிவு கட்டிவிடுவது என்று கணவரின் கைபேசியை வாங்கி, கம்பெனியின் பழைய நம்பரைப் போட்டார். அதிசயமாக உடனே எடுத்தாள் ஒரு பெண். இளங்குரல், மனப்பாடம் செய்த மரியாதை.

"வணக்கம் மேடம். உங்களுக்கு எப்படி உதவலாம்?"

"உங்க கஸ்டமருங்க எல்லாரும் எனக்கு போன் பண்றாங்கம்மா. நம்பர் தப்பா போயிருக்கு."

"உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துறோம் மேடம். இது கொஞ்சம் பெரிய விஷயமா இருக்கு. எங்க சீனியர் மேடத்துக்கு மாத்தி விடறேன். அவங்க ரொம்ப நல்லா பேசுவாங்க. நானும் லைன்லயே இருப்பேன்."

"அவங்க எடுப்பாங்களா?"

"அவங்க ஒருத்தங்கதான் மேடம் உடனே எடுப்பாங்க."

வலது காதில் மணி அடிக்கும் ஓசை கேட்டது. மேசை மேல் இருந்த அவருடைய சொந்தக் கைபேசியும் அடித்தது. இத்தனை நாள் பழக்கம். யோசிக்காமல் இடது கையால் எடுத்துக் காதில் வைத்தார்.

"பதறாதீங்க, சொல்லுங்க," என்றார்.

'பதறாதீங்க, சொல்லுங்க' என்றது வலது காது.

"யாருங்க பேசறது?"

'யாருங்க பேசறது?'

கண்ணாடிக்காரர் பார்த்துக்கொண்டே நின்றார். மனைவி இரண்டு காதிலும் இரண்டு போனை வைத்துக்கொண்டு, தனக்குத் தானே மரியாதையாகப் பேசிக்கொண்டிருக்கும் காட்சி அவர் கடையில் எந்தக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாலும் கிடைக்காது. பிரேக்கக்காவுக்கு மெல்ல விஷயம் உறைத்தது.

"அம்மாடி," என்றார், இரண்டு போனிலும் சேர்த்து. "உங்க சீனியர் மேடம் நான்தாம்மா."

கம்பெனியில் சிரிக்கக் கூடாது என்று சட்டமாம். அந்தப் பெண் முதலில் தும்மினாள். பிறகு இருமினாள். பிறகு எதுவும் உதவாமல், மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரிக்கும் சத்தம் வந்தது. பக்கத்து இருக்கைக்காரர்கள் என்ன என்று கேட்பதும், அவள் சொல்ல முடியாமல் திணறுவதும், பிறகு ஒரு கூடமே சிரிப்பதும் கேட்டது. பிரேக்கக்காவும் சிரித்தார். அவருடைய சிரிப்பு அவர் காதுக்கே இன்னொரு பக்கமிருந்து வந்ததில் இன்னும் அதிகமாகச் சிரித்தார்.

"அக்கா," என்றாள் அவள் கடைசியில். 'மேடம்' அந்தச் சிரிப்பில் எங்கோ விழுந்துவிட்டிருந்தது. "எங்க லிஸ்ட்லயும் அதே தப்பு நம்பர்தான். பேசினவங்க எல்லாம் உங்களப் புகழவும், நாங்க எல்லாரும் நீங்க தலைமை ஆபீஸ்ல இருக்கீங்கன்னு நெனச்சிட்டிருந்தோம். எங்க மேனேஜர் உங்கள பாத்தா எழுந்து நிக்கணும்னு சொல்லியிருக்காரு."

"அவரு எப்பம்மா என்னப் பாப்பாரு?"

"அதான் அவருக்கும் தெரியல."

அன்று மாலைக்குள் நம்பர் சரி செய்யப்பட்டது. மன்னிப்பும் திருத்தமும் எல்லோருக்கும் போயின. மேனேஜரே கூப்பிட்டுத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். எழுந்து நின்றுதான் பேசியதாக அந்தப் பெண் பின்னால் சொன்னாள்.

மறுநாள் வீடு அமைதியாக இருந்தது. பிரேக்கக்கா நிம்மதியாகச் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டுக் கைபேசியை எடுத்து, வேலை செய்கிறதா என்று பார்த்தார். சாயங்காலமும் ஒருமுறை பார்த்தார். வாரக் கடைசியில் மணி அடித்தபோது ஓடிப்போய் எடுத்தார்.

அந்தப் பெண்தான். ஆனால் மனப்பாட மரியாதை எதுவும் இல்லை.

"அக்கா, ஒரு விஷயம். எனக்குக் கார்னா ஒரே பயம். அண்ணன் சொல்லிக் குடுத்தான், ரெண்டே நாள்ல எங்களுக்குள்ள பேச்சு நின்னுடுச்சு. நீங்க சொல்லித் தருவீங்களா?"

வந்தாள். ஒடிசலாக, பெரிய தோள்பையோடு. வண்டியில் உட்கார்ந்ததும் வாய் ஓயாது. குறுக்கே வருபவர்களிடமெல்லாம் உள்ளிருந்தே மன்னிப்புக் கேட்பாள். சாலை நடுவில் நின்ற ஒரு புறா நகரும் வரை என்ஜினைக் கூட அணைத்துவிட்டுக் காத்திருந்தாள். பின்னால் ஊரே ஹாரன் அடித்தது. பிரேக்கக்கா அவளை அவசரப்படுத்தவில்லை. பாடம் முடிந்ததும் வீட்டுக்கு வந்து டீ குடிப்பது வழக்கமாயிற்று. கண்ணாடிக்காரர் அவளுக்குக் கண் பரிசோதித்து, பார்வை சரியாக இருப்பதைச் சற்று ஏமாற்றத்துடன் அறிவித்தார். லைசென்ஸ் வாங்கிய பிறகும் அவள் வருவது நிற்கவில்லை.

ஒரு வாரம் மகள் திரையில் வந்தபோது படம் பளிச்சென்று இருந்தது. அம்மாவின் தோளுக்குப் பின்னால், சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்த ஒரு பெண்ணும் தெளிவாகத் தெரிந்தாள்.

"யாரும்மா அது?"

"கம்பெனிக்காரங்க. சர்வீஸ்லேர்ந்து வந்திருக்காங்க."

"ஏன், மறுபடியும் ரிப்பேரா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லடி," என்றார் பிரேக்கக்கா. "சும்மா வந்திருக்கா."