சின்னம்மாவின் கிள்ளுப் பாடம்

என் சின்னம்மாவைப் போல் ஆளை வதைத்துப் படிக்கிற மாணவி ரண்டர்ஸில் மட்டுமல்ல, டென்மார்க் முழுவதிலும் இருந்திருக்க மாட்டாள். எங்கள் வீட்டில் தங்கி அவள் மருந்தாளர் படிப்புப் படிப்பதாக அப்பா கோயிலில் காண்கிற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதை விட்டு அவள் மொழியியலுக்கு மாறி ஒரு வருடமானது எனக்கு மட்டும்தான் தெரியும். வாயைத் திறந்தால் தொலைத்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள்.

அந்தக் கிழமை அவளுக்கு வாய்மொழிப் பரீட்சை. அரிசோனாவில் ஹுவாலபாய் மக்கள் பேசுகிற மொழியைப் பற்றியது. ஒருவர் செய்வது அவர் மேலேயே வந்து விழுந்தால், அதைக் காட்ட வினைச்சொல்லிலேயே ஓர் அடையாளம் சேருமாம். இதை விளக்கிப் பழக அகப்பட்டவள் ஏழு வயது நான். பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒரு துண்டுப் பாண் கடிக்கவும் விடமாட்டாள்.

"இப்ப நான் உன்னைக் கிள்ளுறன், அடையாளம் இல்லை. இனி நீயே உன்னைக் கிள்ளு, அடையாளம் வரும். விளங்குதே?"

விளங்கவில்லை என்றால் முதலிலிருந்து கிள்ளல். யார் கிள்ளினாலும் நோவது எனக்குத்தானே! அதற்கு அந்த மொழியில் என்ன அடையாளம் என்று அவள் சொல்லவேயில்லை.

வெள்ளிக்கிழமை நீச்சல் வகுப்பில் டீச்சர் என் கையிலிருந்த கிள்ளுக் காயங்களைக் கண்டுவிட்டார். யார் செய்தது என்று கேட்டார். சின்னம்மாவுக்குப் பயந்து, நானேதான் என்றேன். அவர் முகம் இன்னும் கறுத்தது. பின்னேரமே வீட்டாரை அழைத்து, நகரசபையான கொம்யூனுக்கு அறிவிக்க வேண்டிவரும் என்றார். பிள்ளையைப் பறித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று எங்கள் ஆட்கள் நடுங்குகிற இடம் அது. அம்மா டீச்சர் முன்னாலேயே அழத் தொடங்கினாள்.

கூடவந்த சின்னம்மா பரீட்சைக் குறிப்புகளை மேசையில் பரப்பினாள். தன் கையையே கிள்ளிக் காட்டி, டேனிஷில் எல்லாவற்றையும் ஒப்புவித்தாள். டீச்சருக்கு மூச்சு வந்தது. அப்பாவுக்குத்தான் போனது.

"அப்ப மருந்துப் படிப்பு?"

"விட்டிட்டன், அத்தான். போன வருசமே."

"நான் இனிச் சனத்துக்கு என்னத்தைச் சொல்லுறது?"

அடுத்த கிழமை அவள் பெட்டி கட்டினாள். அப்பா வழியனுப்ப வரவில்லை. நானோ இனி அறை முழுக்க எனக்கே என்று அவளுடைய கட்டிலில் ஏறித் துள்ளினேன். வாசலில் நின்று பார்த்தவள், "விழுந்திடாதை" என்றாள்.

எனக்காக அவள் எதை இழந்தாள் என்று அந்த ஏழு வயது மரமண்டைக்கு எங்கே விளங்கியது? போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போகச் சொன்னேன்.